ஒரு வருஷம்தானே!

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில் போன ஞாயிற்றுக்கிழமை குடும்ப சபை கூடியது. வீட்டு மருமகளின் கணவர் ராணுவத்தில் மேஜர். இரண்டு வருஷமாகக் காஷ்மீர்ப் பக்கம் இருக்கிறார். போட்டித் தேர்வில் தேறி, வரும் ஜூனில் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் சேரப்போகிறார். மூன்றாம் வகுப்புப் பையனைக் கூட்டிக்கொண்டு இவளும் போவதா, இங்கேயே மாமனார் மாமியாரோடு இருப்பதா என்பதுதான் வழக்கு. தி.நகரிலிருந்து அத்தை வந்திருந்தார். அடையாறு காந்தி நகரிலிருந்து சித்தப்பா. நியூ ஜெர்சியிலிருந்து மைத்துனர் போனில். "நீயும் மிலிட்டரி வீட்டுக்காரிதானே" என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

இரண்டாம் டோஸ் காபி வருவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. அவன் மட்டும் போகட்டும், குழந்தையின் படிப்பைக் கெடுக்க வேண்டாம், ஒரு வருஷம்தானே. அந்த "ஒரு வருஷம்தானே"வை மட்டும் நான் எண்ணினேன். அத்தை நான்கு தடவை, சித்தப்பா இரண்டு தடவை, நியூ ஜெர்சி ஒரு தடவை. அந்தப் பெண் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. டபராவைத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. வேறு வீட்டுச் சபையில் சண்டை போடக் கூடாது என்கிற வளர்ப்பு. ஆனால் இது ஒரு வீட்டுத் தீர்ப்பு இல்லை. மந்தைவெளியிலும் நங்கநல்லூரிலும் பெசன்ட் நகரிலும் பட்டாளத்துக்குப் பிள்ளையையோ மாப்பிள்ளையையோ கொடுத்த எல்லா வீட்டிலும் இதே தீர்ப்புத்தான், இதே வார்த்தைகளில். நான் இதை எதிர்க்கிறேன். ஒரு வருஷம்தானே என்பது தங்குவதற்கான காரணமே இல்லை, கிளம்புவதற்கான காரணம் என்பது என் கட்சி.

வெலிங்டன் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவு வருவது 2021 டிசம்பர் 8. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் ஹெலிகாப்டரில் போய்க்கொண்டிருந்தது அந்தக் கல்லூரியில் உரை நிகழ்த்தத்தான். காட்டேரிக்குப் பக்கத்தில் நஞ்சப்பசத்திரத்தில் அது விழுந்து நொறுங்கிய அன்று, சென்னைத் தொலைக்காட்சிகள் குன்னூருக்குப் பக்கத்தில் இப்படி ஓர் இடம் இருப்பதைத் திடீரெனக் கண்டுபிடித்தன. இடம் பழையது. கல்லூரியும் பழையது. 1905-இல் தேவ்லாலியில் தொடங்கி, 1907-இல் குவெட்டாவுக்குப் போய், பிரிவினையில் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போனதும் 1947-இல் நீலகிரிக்கு வந்து சேர்ந்தது. ஒரு கல்லூரியே பெட்டி படுக்கையோடு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வந்து, அடுத்த வருஷமே வகுப்பு ஆரம்பித்திருக்கிறது. ஒரு மூன்றாம் வகுப்புப் பையனின் புத்தகப் பையை ஒரு ராத்திரி ரயிலில் நகர்த்துவதுதான் நமக்கு மலைப்பாக இருக்கிறது.

அங்கே நடக்கும் ஸ்டாஃப் கோர்ஸ் சுமார் 45 வாரம். ஜூனில் தொடங்கி அடுத்த ஏப்ரல் வாக்கில் முடியும். தரைப்படை, கப்பற்படை, விமானப்படை மூன்றிலிருந்தும் வருவார்கள், நட்பு நாடுகளின் அதிகாரிகளும் வருவார்கள். முடிக்கிறவர்களுக்கு எம்.எஸ்சி. பட்டம் கொடுப்பது நம் கடற்கரைச் சாலைச் சென்னைப் பல்கலைக்கழகம். குவார்ட்டர்ஸ் உண்டு. குடும்பத்தோடு வா என்று ராணுவமே கதவைத் திறந்துவைக்கிற சில படிப்புகளில் இது ஒன்று. கல்லூரியின் சின்னம் ஆந்தை. இதை என் மாமியாரிடமிருந்து நாங்கள் மூன்று மாதம் மறைத்து வைத்திருந்தோம். தெரிந்த அன்று, "வேற பட்சியே கிடைக்கலையா அவாளுக்கு?" என்றார்.

இனி கணக்குக்கு வருகிறேன். ராணுவ அதிகாரிக்கு வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 20 நாள் கேஷுவல். இரண்டும் முழுசாகக் கிடைத்தால் 80 நாள். முழுசாகக் கிடைத்த வருஷம் எது என்று எந்த ஆர்மி மனைவியைக் கேட்டாலும் சிரிப்பாள். ஃபீல்ட் போஸ்டிங்கில் குடும்பத்துக்கு இடமில்லை. அந்த இரண்டு, இரண்டரை வருஷமும் குழந்தைக்கு அப்பா என்பவர் இந்த 80 நாளுக்குள் வந்து போகிற ஒருவர்தான். அதில் திருப்பதி, கல்யாணம், உறவுக்காரர் வீட்டு விருந்து, ரயிலில் போன நாள் எல்லாம் கழித்துக்கொள்ளுங்கள். இப்போது 45 வாரத்தை நாளாக்குங்கள்: 315. ஃபீல்டில் நாலு வருஷம் இருந்து, எல்லா லீவும் முழுசாகக் கிடைத்து, அதை ஒன்றாகக் கொட்டினால்தான் இந்த ஒரு கோர்ஸுக்குச் சமம். டூர், எக்ஸர்சைஸ் என்று சில வாரம் போகும், போகட்டும். மிச்சம் இருப்பதே இந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து அப்பாவோடு தொடர்ந்து இருந்த நாட்களைவிட அதிகமாக இருக்கலாம்.

கோர்ஸ் முடிந்தால் என்ன? அடுத்த போஸ்டிங் எங்கே என்று யாருக்கும் தெரியாது. மறுபடி ஃபீல்ட் வரும், வந்தே தீரும். அப்போது இதே அத்தை வந்து, "பாவம், அப்பா முகமே தெரியாம வளர்றான்" என்பார். என் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கிறார்கள்.

"ஸ்கூல் சீட்?" என்பார்கள். இருக்கிற வாதங்களில் கனமானது இதுதான். அதனால் நேர்மையாகவே பேசுகிறேன். டி.சி. வாங்கிவிட்டால் அதே பள்ளியில் திரும்ப இடம் கிடைக்கும் என்று எவராலும் உத்தரவாதம் தர முடியாது. மயிலாப்பூர், அடையாறு, கே.கே. நகர் வட்டாரத்தில் பேர் வாங்கிய பள்ளி ஒன்றில் எல்.கே.ஜி. இடத்துக்கு விண்ணப்பம் வாங்கப் பெற்றோர் பட்ட பாட்டை நானும் பட்டிருக்கிறேன். எங்களுக்கு அந்த இடம் போயிற்று. திரும்பி வந்தபோது "வேகன்சி இல்லை மேடம்" என்று ஒரு வரியில் முடித்தார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. வேறு பள்ளியில் சேர்த்தோம். இரண்டு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், மூன்றாவது வாரம் பிறந்த நாளுக்குக் கூப்பிடவேண்டியவர்கள் பட்டியலில் பதினேழு பெயர் இருந்தது.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் என்றால் நான் இந்தக் கட்டுரையையே எழுதமாட்டேன். சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதிலும் பதினொன்றிலும் பெயர்ப் பதிவு ஆனபின் பள்ளி மாற்றுவது தலைவலி. பொதுத் தேர்வு வருஷத்தில் பிடுங்கி நடுவது முட்டாள்தனம். ஆனால் ஸ்டாஃப் காலேஜுக்கு வருகிறவர்களின் வயதைப் பாருங்கள். பெரும்பாலும் முப்பதுகளில் இருப்பார்கள். அவர்கள் குழந்தைகள் ப்ரீ-கேஜியிலிருந்து நாலாம் ஐந்தாம் வகுப்புக்குள். மூன்றாம் வகுப்பில் என்ன போய்விடும்? பெருக்கல் வாய்ப்பாடும் சூரியக் குடும்பமும் குன்னூரிலும் அதேதான். அங்கே சனிக் கோளுக்கு வளையம் குறைச்சலாக இல்லை. அதே தமிழ்நாடு, தமிழை இரண்டாம் மொழியாக வைத்திருக்கிற பள்ளிகள் இருக்கிற ஊர். மாவ், புனே என்று விழுந்திருந்தால் "தமிழ் மறந்துடுவான்" என்று சொல்ல ஒரு பிடியாவது கிடைத்திருக்கும்.

இடம் மாறுகிறவன் பிள்ளை எங்கே படிப்பான் என்கிற கேள்வி புதிதும் இல்லை. கேந்திரிய வித்யாலயாக்கள் பிறந்ததே இதற்காகத்தான். 1963-இல் ராணுவ ரெஜிமென்ட்டுகள் நடத்திவந்த 20 பள்ளிகளை எடுத்துத்தான் அந்தத் திட்டத்தை ஆரம்பித்தார்கள். இன்றும் கடைசி ஏழு வருஷத்தில் எத்தனை தடவை மாற்றலானார் என்பதை எண்ணித்தான் அங்கே முன்னுரிமை தருகிறார்கள். நம் சபை எதைக் குறை என்று சொல்கிறதோ, அதையே மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்கிற பள்ளி நம் ஐ.ஐ.டி. வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. அத்தை அந்த வழியாகத்தான் வேளச்சேரி போகிறார்.

எனக்குக் கோபம் வந்தது இங்கே இல்லை. நியூ ஜெர்சி பேசும்போது வந்தது.

அந்த மைத்துனர் ஆன்சைட் கிடைத்துப் போன கதை எனக்குத் தெரியும். முதலில் பத்து மாதத்துக்கு என்றுதான் சொன்னார்கள். பாண்டி பஜாரில் ஸ்வெட்டர் வாங்கி, ரங்கநாதன் தெருவில் சூட்கேஸ் வாங்கி, ரெண்டாம் வகுப்புப் பெண்ணுக்கு நடு வருஷத்தில் டி.சி. வாங்கி, எச்-4 விசாவில் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த விசாவில் போகிற மனைவி வேலைக்குப் போக முடியாது. 2015-க்குப் பிறகுதான் அவர்களில் சிலருக்காவது அமெரிக்கா அனுமதி கொடுக்க ஆரம்பித்தது. இவர் மனைவி இங்கே வேலையை விட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கும் சபை கூடியதா? கூடியது, மீனம்பாக்கத்தில், மாலையோடு. "குடும்பம்னா சேர்ந்து இருக்கணும்" என்று இதே அத்தைதான் ஆசி சொன்னார். பெருங்கடல் தாண்டினால் படிப்பு கெடாது, பர்லியாறு தாண்டினால் கெடும் போலிருக்கிறது.

ஆக, நம் ஊர் இடமாற்றத்துக்குப் பயப்படுகிற ஊர் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை அரசாங்கமே கோடை வந்தால் உதகைக்கு மூட்டை கட்டியது. கோப்புகளும் குமாஸ்தாக்களும் மலையேறினார்கள். டில்லிக்கும் பம்பாய்க்கும் போய்க் கரோல் பாகிலும் மாதுங்காவிலும் கோயில் கட்டிச் சங்கம் வைத்தவர்கள் நம் தாத்தாக்கள். மாற்றல் என்றால் வேலைக்காரனின் குடும்பமும் சேர்ந்து மாறும் என்பதுதான் அன்றைய வழக்கம். எப்போது குடும்பம் ஒரு பள்ளிச் சீட்டுக்கு வாட்ச்மேன் ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. ஃபிளாட் விலையும் பள்ளிக் கட்டணமும் ஏறின காலத்தில் என்று ஊகிக்கிறேன்.

"அங்க அவனுக்குப் படிக்கவே நேரம் போதாது, நீங்க போய்த் தொந்தரவு பண்ணுவீங்க" என்றார் சித்தப்பா. அவர் பட்டயக் கணக்காளர் தேர்வு எழுதிய வருஷம் வீட்டில் ரேடியோகூடப் போடவிடமாட்டாராம். நான் அந்த வருஷத்தை வெலிங்டனில் கழித்தவள். 2008 ஜூனிலிருந்து 2009 ஏப்ரல் வரை. வேலை உண்டு, நிறையவே உண்டு. சிண்டிகேட் என்று சின்னக் குழுவாக உட்காரவைத்து விவாதம், டி.எஸ். எனப்படும் பயிற்றுநர் கேட்கிற கேள்விக்கு மறுநாள் பதில், ராத்திரி மேஜை முழுக்க வரைபடம். எல்லையோரச் சுற்றுப்பயணம், தொழிற்சாலைகளைப் பார்க்கிற பயணம் என்று வெளியே வேறு போவார்கள். ஆனாலும் அந்த மேஜை எங்கள் வீட்டுக்குள் இருந்தது. அதன் அடியில் எங்கள் பையன் உட்கார்ந்து தன் வரைபடத்தைக் கிறுக்கிக்கொண்டிருந்தான். அவன் அப்பாவைத் தொந்தரவு செய்தானா? செய்தான். அவர் முகத்தைப் பார்த்தால் அந்தத் தொந்தரவுக்குத்தான் அவர் இரண்டரை வருஷமாகக் காத்திருந்த மாதிரி இருக்கும்.

நாங்கள் இன்னும் டிரங்குப் பெட்டிகளைப் பிரித்து முடிக்காத நேரம். கறுப்புப் பெட்டிகள், வெள்ளைப் பெயின்ட்டில் பேரும் யூனிட்டும் எழுதியவை. ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் ஃபீல்ட் மார்ஷல் மானெக்‌ஷா காலமானார். அந்தக் கல்லூரிக்குக் கமாண்டன்ட்டாக இருந்தவர், ஓய்வுக்குப் பிறகு குன்னூரிலேயே வீடு வைத்துக்கொண்டவர். "யார்ப்பா அந்தத் தாத்தா?" என்று ஏழு வயசுப் பையன் கேட்டான். கறுப்புப் பாலத்துப் பக்கம் நடந்துகொண்டே அவன் அப்பா 1971-ஐச் சொன்னார், டாக்காவைச் சொன்னார், அமிர்தசரஸில் பிறந்த பார்சிக்காரர் ஒருவர் ஏன் நீலகிரியில் கண்ணை மூடினார் என்று சொன்னார். இருட்டி வீடு வந்து சேரும்வரை கேள்வி முடியவில்லை. இதைப் போனில் சொல்லியிருக்க முடியாதா என்று கேட்கலாம். போனில் அவர்கள் பேசுவது எனக்குத் தெரியும். "சாப்டியா? ஹோம்வொர்க் முடிச்சியா? அம்மாகிட்ட குடு."

நடுவில் ஒரு விஷயம். என் பக்கத்து வாதம் என்று சிலர் கொண்டுவந்து வைப்பதையும் நான் ஒதுக்குகிறேன். "நீ போனாத்தான் அவருக்கு நல்லது, சீனியர் லேடீஸோட பழகலாம், அடுத்த போஸ்டிங்குக்கு உதவும்" என்று ஆர்மி வட்டத்திலேயே சொல்வார்கள். இது எனக்குப் பிடிக்காத பேச்சு. கணவனின் தோள்பட்டை நட்சத்திரத்தை மனைவியின் புடவைத் தலைப்பில் குத்துகிற வழக்கம் அது. லேடீஸ் மீட்டில் யார் எங்கே உட்கார வேண்டும், யார் யாரை முதலில் "மேம்" என்று சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் நானும் பார்த்தேன். சில நாள் எரிச்சலாக இருந்தது. மழைக்காலத்தில் துணி காயாது. இட்லி மாவு புளிக்காது. ராத்திரி வாசலில் காட்டெருமை நிற்கும். வெலிங்டன் தேவலோகம் என்று நான் விற்க வரவில்லை. மனைவி போகவேண்டியது கணவனின் உத்தியோகத்துக்காக என்றால், வீட்டிலேயே இரு என்று நானே சொல்வேன்.

வேலை விஷயம் இதைவிடச் சிக்கல். சித்தப்பா கடைசியில் எடுத்த துருப்பு அது: "அவளும் வேலைக்குப் போறாளே, அதை யோசிச்சீங்களா?" அருமை. மூன்று வருஷமாக அவள் வேலையிலிருந்து தாமதமாக வந்தால் முகம் சுளித்த வீடு, அவளைத் தங்கவைக்க வேண்டும் என்றதும் அவள் வேலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. இருந்தாலும் யார் வாயிலிருந்து வந்தாலும் நியாயமான கேள்வி நியாயமானதுதான். நான் தி.நகரில் ஒரு வங்கிக் கிளையில் இருந்தேன். சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். ஓர் இன்கிரிமென்ட் தள்ளிப்போயிற்று, என்னோடு சேர்ந்தவர்கள் எனக்கு மேலே போனார்கள். அந்த நஷ்டம் நிஜம். அதை யாரும் ஈடுசெய்யவில்லை. கணவன் மனைவி இருவரும் ஒரே ஊரில் இருக்க வகைசெய்யும்படி மத்திய அரசு தன் ஊழியர்களுக்காக 2009-இல் விரிவான உத்தரவு போட்டது. தனியார் கம்பெனியில் அப்படி ஒன்றும் இல்லை. இந்தப் பெண் பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் வேலை பார்க்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்துதான் பார்க்கிறாள். ஐந்து நாளும் பார்க்கவிடுவார்களா என்று அவள் மேலதிகாரியைக் கேட்க வேண்டும். விடமாட்டார்கள் என்றால் வேலையா, அந்த வருஷமா என்று அவள்தான் முடிவுசெய்ய வேண்டும். வேலைதான் என்று அவள் சொன்னால் நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். அவளை யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் புகார்.

"எத்தனையோ ஜவான் பெண்டாட்டிங்க இல்லையா, பிரிஞ்சுதானே இருக்காங்க?" இதையும் ஒருவர் சொன்னார். இருக்கிறார்கள். வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். ராணுவப்பேட்டை என்றே பேர் வாங்கிய ஊர். அங்கே போய் ஒரு சிப்பாய் மனைவியிடம், "பத்து மாதம் குவார்ட்டர்ஸ் தருகிறார்கள், புருஷன் தினமும் வீட்டுக்கு வருவார், பிள்ளைக்குப் பள்ளி இருக்கிறது, போகிறாயா?" என்று கேட்டுப் பாருங்கள். சாவியை வாங்கிக்கொண்டுதான் அடுத்த வார்த்தை பேசுவாள். சிப்பாய்களுக்குக் குடும்ப வீடு என்பது வரிசையில் நின்று வாங்கவேண்டிய பொருள். வரிசையில் நிற்கிறவளின் பொறுமையைக் காட்டி, கையில் வந்ததைத் தூக்கிப் போடு என்பது எந்த ஊர் நியாயம்?

பரங்கிமலையையும் இழுத்தார்கள். அங்கே இருக்கிற அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 49 வாரப் பயிற்சி. கணவனை இழந்த பெண்கள் சிலர் அங்கே சேர்ந்து அதிகாரி ஆகியிருக்கிறார்கள். கர்னல் சந்தோஷ் மகாதிக் 2015 நவம்பரில் குப்வாராவில் வீழ்ந்தார். அவர் மனைவி சுவாதி மகாதிக், இரண்டு குழந்தைகளின் தாய், தேர்வெழுதி, பயிற்சி முடித்து, 2017 செப்டம்பரில் அந்த மைதானத்தில் லெஃப்டினன்ட்டாக நடந்தார். "அவங்க குழந்தைகளை விட்டுட்டு இருக்கலையா?" என்றார் அத்தை, பேப்பரில் படித்த உருக்கத்தோடு. இருந்தார். கேடட்டுக்குக் குடும்பத்தோடு இருக்க அங்கே வழியே கிடையாது, விதி அப்படி. வேறு வழியில்லாமல் ஒரு தாய் தாங்கியதை, வழி இருக்கிற ஒரு வீட்டுக்கு முன்மாதிரி ஆக்கினால் அது அவருக்குச் செய்கிற மரியாதையாக எனக்குத் தோன்றவில்லை. அவர் வீட்டில் அப்பா திரும்பி வரப்போகிற வருஷம் என்று ஒன்று கிடையாது. இந்த வீட்டில் இருக்கிறது.

இன்னொரு கேள்வி என்னிடம் இருந்தது. அன்று கேட்காமல் விட்டேன், இப்போது கேட்கிறேன். 2022-இல் முதல் தடவையாகத் தரைப்படையின் பெண் அதிகாரிகள் இந்த ஸ்டாஃப் காலேஜ் தேர்வில் தேறினார்கள். இனி ஒவ்வொரு வருஷமும் சில பெண்கள் வெலிங்டனுக்குப் போவார்கள். அதில் ஒருத்தி இதே மாட வீதிப் பெண்ணாக இருக்கட்டும். மேஜர் என்பது மகன் இல்லை, மகள். மூன்றாம் வகுப்புப் பையன். கணவன் சென்னையில் வேலை. சபை கூடுகிறது. அத்தை என்ன சொல்வார்? "குழந்தை அம்மாவை விட்டுட்டு எப்படி இருப்பான்? கூட்டிண்டு போகட்டும். ஸ்கூல் எங்க வேணா கிடைக்கும், ஒரு வருஷம்தானே!"

அதே பள்ளி. அதே சீட்டு. அதே குன்னூர். சொல்லுங்கள், பையனின் படிப்பு இப்போது ஏன் கெடவில்லை?

ஏனென்றால் பேச்சு முதலிலிருந்தே படிப்பைப் பற்றியது இல்லை. அம்மா இல்லாமல் குழந்தை இருக்க முடியாது, அப்பா இல்லாமல் இருக்கலாம் என்று நாம் முடிவுகட்டி வெகு காலமாயிற்று. பட்டாளத்து அப்பா என்றால் இன்னும் வசதி. இல்லாமல் இருப்பதே அவர் வேலை என்று ஆக்கிவிட்டோம். ஆகஸ்ட் 15 அன்று பள்ளியில் பையனை மேடையில் ஏற்றிக் கைதட்டுவோம். அப்பா உண்மையிலேயே வீட்டில் இருக்கக்கூடிய ஒரு வருஷத்தை ராணுவம் எடுத்துக் கொடுத்தால், வேண்டாம், யூனிட் டெஸ்ட் இருக்கிறது என்று திருப்பி அனுப்புவோம்.

சபையில் ஒருவர் மட்டும் பேசவே இல்லை. பையனின் தாத்தா. தினமும் காலையில் பேரனின் பையை மாட்டிக்கொண்டு லஸ் முனையில் பஸ் ஏற்றிவிட்டு, நாகேஸ்வரராவ் பூங்காவில் இரண்டு சுற்று நடந்து, பேப்பர் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர். மத்தியானம் மூன்றே முக்காலுக்கு மறுபடி அதே முனையில் நிற்பார். மற்றவர்கள் ஸ்கூல், செலவு, வேலை என்று அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் பேரனின் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அங்கே வைத்த வாதங்களிலேயே உண்மையானது அதுதான். வாயைத் திறந்து, "எனக்குப் பொழுது போகாதும்மா" என்று அவர் சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் தடுமாறியிருப்பேன். அதற்கு 315 நாள் கணக்கு பதில் ஆகாது.

புதன்கிழமை அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்தாள். "ஆன்ட்டி, நான் போறேன்னு சொல்லிட்டேன்" என்றாள். யாரிடம் என்று கேட்டேன். மாமனாரிடமாம், பூங்கா வாசலில் வைத்து. அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். வீட்டுக்கு வந்ததும் நவராத்திரி என்றைக்கு என்று பஞ்சாங்கத்தைப் புரட்டினாராம். சென்ட்ரலில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் புறப்படுகிற நீலகிரி எக்ஸ்பிரஸ், விடிகாலை மேட்டுப்பாளையம், அங்கிருந்து மலை ரயில். 1899-இல் குன்னூர் வரைக்கும் ஓட ஆரம்பித்த வண்டி, நடுவில் பல்தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும், வெலிங்டனிலேயே ஒரு ஸ்டேஷன் உண்டு. முதியவர்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை ரயில்வே 2020 மார்ச்சில் எடுத்துவிட்டது, முழு டிக்கெட்தான். கொலு பொம்மையில் மரப்பாச்சி ஜோடியையும் செட்டியாரையும் மட்டும் அவரே கையில் எடுத்து வருவதாகப் பேச்சு.

"மாவு புளிக்காதுன்னு சொன்னீங்களே, என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, ராத்திரி அடுப்படி மேடையில் வை என்றேன். அப்படியும் புளிக்காத நாளில் தோசை.